குகைநீரில் வாழும் ஓல்மும் மிருக வைத்தியரும்

(நூற்றாண்டு விழாவையொட்டிப் பழைய மாணவிகள் சங்கம் நடத்திய அமர்வில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



மிருக வைத்தியர்களைப் பேச அழைத்தால் மாடு, ஆடு, கோழி, வீட்டு நாய் என்றுதான் கதை போகும் என்று எதிர்பார்த்திருப்பீர்கள். அவற்றால்தான் எங்கள் துறை சோறு உண்கிறது. அதில் எங்களுக்கு வெட்கமில்லை. ஆனாலும் இன்று எங்களிற் பெரும்பாலோர் வாழ்நாளில் ஒரு தடவைகூடத் தொட்டிராத ஒரு நோயாளியைப் பற்றிச் சொல்ல விரும்புகிறோம். ஐரோப்பாவில், நிலத்துக்கு அடியில், தண்ணீரில், இருட்டில் வாழும் ஒரு ஈரூடகவாழி அது.

ஏன் இந்தப் பிராணி என்று கேட்பீர்கள். ஒரு மாடு தீன் எடுக்காவிட்டால் வீட்டுக்காரருக்கு அன்றைக்கே தெரிந்துவிடும். கறக்கும் பாலின் அளவே சொல்லிவிடும். நாய் மூலையில் ஒதுங்கினால் வீட்டுப் பிள்ளை அழுதுகொண்டு ஓடி வரும். யாராலும் பார்க்க முடியாத, எண்ண முடியாத, சத்தமும் போடாத ஒரு விலங்குக் கூட்டத்துக்கு நோய் வந்தால் அதை யார் அறிவது? எங்கள் தொழிலின் மிகக் கடினமான கேள்வி இதுதான். அதற்கு விடை தேடுகிறவர்களின் வேலையைத்தான் உங்களுக்குச் சொல்லப் போகிறோம்.

முதலில் நோயாளியை அறிமுகப்படுத்துகிறோம். பெயர் ஓல்ம். விஞ்ஞானப் பெயர் புரொட்டியஸ் அங்குவினஸ். சலமாந்தர் இனத்தைச் சேர்ந்தது. இத்தாலியின் வடகிழக்கு மூலையிலிருந்து ஸ்லோவேனியா, குரோஷியா, பொஸ்னியா ஹெர்ஸகொவீனா வரை நீளும் சுண்ணாம்புக்கற் பிரதேசத்தின் நிலத்தடி ஆறுகளில் மட்டும் இருக்கிறது. நீளம் 25, 30 சென்ரிமீற்றர். நிறை 20 கிராமுக்கு அங்காலே இங்காலே. முன்காலில் மூன்று விரல், பின்காலில் இரண்டு. கழுத்தின் இரு பக்கமும் சிவந்த செவுள்கள் குஞ்சம்போல் தொங்கும். குஞ்சாக இருக்கும்போது கண் தெரியும். பிறகு தோல் அதை மூடிவிடும். ஸ்லோவேனியர்கள் தம் மொழியில் இதை 'மனித மீன்' என்று அழைக்கிறார்கள். தோல் மனிதத் தோலின் நிறமாம். வெளிறிய இளஞ்சிவப்பு அது. எங்கள் ஊரில் பிறந்திருந்தால் வேறு பெயர் வைத்திருப்போம்.

1689இல் வல்வசோர் என்பவர் தம் நாட்டைப் பற்றி எழுதிய பெருநூலில், மழை வெள்ளத்தின் பின் ஊற்றிலிருந்து வெளிவந்த இப்பிராணியை ஊர்மக்கள் பறவைநாகத்தின் குட்டி என்று நம்பியதைக் குறித்து வைத்திருக்கிறார். வெள்ளம்தான் அதை வெளியே கொண்டு வந்தது என்பதைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். மேலே போகும்போது தேவைப்படும்.

நூற்றாண்டு விழாவில் இதைச் சொல்லாமல் விட முடியாது. பிரான்ஸின் மூலி என்ற இடத்தில் ஒரு குகையையே ஆய்வுகூடமாக்கி 1950கள் தொடக்கம் ஓல்ம்களை வளர்த்து வருகிறார்கள். அங்கு சேர்ந்த தரவுகளைக் கொண்டு 2010இல் வெளியான கணிப்பின்படி, வளர்ந்த ஓல்மின் சராசரி ஆயுள் ஏறத்தாழ 68 ஆண்டுகள். உச்ச ஆயுள் 100ஐத் தாண்டும். எங்கள் பாடசாலையில் முதல் மணி அடித்த ஆண்டில் முட்டையிலிருந்து வந்த ஓல்ம் ஒன்று இன்னும் எங்கோ ஒரு குகைக்குள் உயிரோடு இருக்கக்கூடும்.

இது வாழ்த்துப் பாட வேண்டிய செய்தியாகத் தெரியும். எங்களுக்கோ இது கவலையான செய்தி. ஓல்ம் பருவமடைய 15, 16 ஆண்டுகள் செல்லும். பெண் ஓல்ம் ஏறத்தாழ பன்னிரண்டரை ஆண்டுக்கு ஒரு முறைதான் முட்டையிடும். ஒரு தடவைக்கு 35 முட்டை அளவில். இவ்வளவு மெதுவாகப் பெருகும் இனத்தில் இன்றைக்கு இனப்பெருக்கம் நின்றுபோனாலும் கிழ விலங்குகள் இன்னும் முப்பது நாற்பது வருடம் அங்கேயே இருக்கும். எட்டிப் பார்ப்பவருக்கு எல்லாம் சரியாக இருப்பதாகவே தோன்றும்.

எட்டிப் பார்ப்பதும் இலேசல்ல. கிழக்கு ஹெர்ஸகொவீனாவில் சுழியோடிகள் நீரடிக் குகைகளுக்குள் போய் ஓல்ம்களுக்கு அடையாளமிட்டு, பல ஆண்டுகள் திரும்பத் திரும்பத் தேடினார்கள். பெரும்பாலானவை சில மீற்றர் தூரமே நகர்ந்திருந்தன. ஒன்று 2,569 நாட்களாக அதே இடத்தில் இருந்தது, ஏழு வருடம்! 2017இல் இன்னொரு வழி வெளியானது: ஊற்று நீரை எடுத்து அதில் கரைந்துள்ள டி.என்.ஏ. தடயத்தைக் கொண்டு உள்ளே ஓல்ம் இருக்கிறதா என்று சொல்வது. அருமையான முறை. இருக்கிறது என்று அது சொல்லும். சுகமாக இருக்கிறதா என்று சொல்லாது.

அந்த இரண்டாவது கேள்விக்குத்தான் மிருக வைத்தியர் தேவைப்படுகிறார்.

ஈரூடகவாழிகளின் நோயைப் பற்றிய இன்றைய அறிவில் எங்கள் துறையினரின் பங்கு பெரியது. இதை இந்த மண்டபத்தில் கொஞ்சம் உரக்கவே சொல்கிறோம், ஏனென்றால் முன்னுக்கு நின்றவர்களிற் பெண்கள் இருக்கிறார்கள். உலகின் பல மூலைகளில் தவளைகள் கூட்டம் கூட்டமாக மறைந்துகொண்டிருந்த காலத்தில் அமிலமழை, சூரியக் கதிர், பூச்சிநாசினி என்று ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். அவுஸ்திரேலிய மிருக வைத்தியர் லீ பேர்கர் இறந்த தவளைகளின் தோலை நுணுக்குக்காட்டியில் பார்த்தார். தோலில் ஒரு பங்கசு இருந்தது. அவுஸ்திரேலியாவிலும் பனாமாவிலும் இறந்த தவளைகளை வைத்து 1998இல் அவரும் கூட்டாளிகளும் அதை வெளியிட்டார்கள். அடுத்த ஆண்டு அந்தப் பங்கசுக்குப் பெயரிட்ட மூவரில் இருவர் மிருக நோயியல் நிபுணர்கள். அவர்களுக்குப் பொருள் கிடைத்தது வொஷிங்டன் மிருகக்காட்சிசாலையில் இறந்த நீலத் தவளைகளிலிருந்து. 2019இல் எடுத்த உலகக் கணக்கில், இந்தத் தோல் பங்கசு நோயால் 501 ஈரூடகவாழி இனங்கள் குறைந்துபோயின, அவற்றுள் 90 இனங்கள் அழிந்திருக்கலாம் என்று கண்டார்கள். ஒரு நோய் இத்தனை முதுகெலும்பி இனங்களைத் தின்றதாக வேறு பதிவில்லை.

பின்பு நெதர்லாந்தில் ஒரு காட்டில் தீச்சலமாந்தர்கள் சில ஆண்டுகளில் நூற்றுக்கு 96 பங்கு இல்லாமற் போயின. 2013இல் பெல்ஜியத்தின் கென்ற் பல்கலைக்கழக மிருக வைத்திய பீடத்தைச் சேர்ந்த அன் மார்ட்டெல், பிராங் பாஸ்மன்ஸ் குழுவினர் இன்னொரு பங்கசைக் கண்டுபிடித்தார்கள். இது சலமாந்தர்களைத் தேடிக் கொல்வது. ஆசியாவிலிருந்து வளர்ப்புப் பிராணி வியாபாரத்தோடு வந்திருக்க வேண்டும் என்று அவர்களே பின்னர் காட்டினார்கள்.

அப்படியானால் ஓல்முக்கு? அதுவும் சலமாந்தர்தானே.

கென்ற் குழுவினர் ஸ்லோவேனிய ஆய்வாளர்களோடு சேர்ந்து ஆய்வுகூடத்தில் சில ஓல்ம்களுக்கு அந்தப் பங்கசை வேண்டுமென்றே தொற்றவைத்துப் பார்த்து, முடிவை 2020இல் வெளியிட்டார்கள். ஆபத்தில் இருக்கும் விலங்குக்கு நாமே நோய் கொடுப்பதா என்று மனம் கூசும். எங்களுக்கும் கூசியது. ஆனாலும் அது செய்யப்பட வேண்டியிருந்தது என்றே நினைக்கிறோம், ஏனென்றால் விடை எவரும் ஊகித்திருக்கக்கூடியதல்ல. ஓல்ம்கள் இறக்கவில்லை. நோய்க்குறி எதுவும் தெரியவில்லை. ஆனால் தொற்று போகவும் இல்லை. கொஞ்சமாக, பெரும்பாலும் கை கால்களில், தங்கிவிட்டது.

இதன் பொருளை யோசித்துப் பாருங்கள். வெளிப் பார்வைக்கு நல்ல சுகத்தோடு இருக்கும் ஓல்ம் ஒன்று நோயைச் சுமந்துகொண்டு திரியலாம். கோவிட் காலத்தில் இந்தப் பாடத்தை நாம் எல்லோரும் வீட்டுக்குள் இருந்தே படித்தோம். நீண்ட காலத்தில் அந்தச் சிறு தொற்று ஓல்மின் உடலிலிருந்து எதைப் பறிக்கும் என்ற கவலையையும் அந்த ஆய்வாளர்கள் குறிப்பிட்டிருக்கிறார்கள்.

இனி வெள்ளத்துக்கு வருவோம்.

கனத்த மழை பெய்தால் சுண்ணாம்புக்கல் நாட்டில் நிலத்தடி ஆறு பொங்கி ஊற்றுவாயால் வெளியே பாயும். அதோடு ஓல்ம்களும் அடிபட்டு வந்து வெள்ளம் வடிந்த புல்வெளியிலும் குட்டையிலும் கிடக்கும். ஸ்லோவேனியாவின் கிரான் நகரில் ரூலார் என்ற சிறு குகை ஆய்வுகூடம் 1960 முதல் இயங்கி வருகிறது. இப்படி வெளியே வந்த ஓல்ம்களை மீட்டுப் பராமரிப்பதும் அதன் பணிகளில் ஒன்று. மக்கள் கண்டால் தகவல் கொடுக்கிறார்கள். பொதுமக்கள் அந்தப் பிராணிமேல் அப்படியொரு பாசம் வைத்திருக்கிறார்கள்; யூரோவுக்கு மாறுமுன் அந்நாட்டுச் சில்லறை நாணயம் ஒன்றில் அதன் உருவம் இருந்தது.

நம்மிடம் வந்து சேரும் அந்த ஒரு விலங்கு எங்களுக்கு ஒரு கடிதம் மாதிரி. உள்ளே இருக்கும், ஒருபோதும் பார்க்க முடியாத கூட்டத்தைப் பற்றி அதன் உடல்தான் செய்தி சொல்ல வேண்டும். ஆகவே காயத்துக்கு மருந்து போடுவதோடு வேலை முடியாது. கோவிட்டுக்கு மூக்கில் விட்டார்களே, அதே பஞ்சுக் குச்சியால் தோலைத் துடைத்து பீ.சீ.ஆர். பரிசோதனைக்கு அனுப்ப வேண்டும். உடல் மெலிந்திருக்கிறதா, புண் பழையதா புதியதா, செவுளின் நிறம் எப்படி என்று குறிக்க வேண்டும். இறந்து வந்தால் பிரேத பரிசோதனை; இழையங்களைப் பாதுகாத்தல். இறந்த ஓல்மைப் புதைப்பது ஒரு புத்தகத்தை வாசிக்காமலே எரிப்பதற்குச் சமம்.

இருபது கிராம் நோயாளிக்கு வைத்தியம் செய்வது பற்றியும் ஒரு வார்த்தை. ஓல்ம் செவுளாலும் தோலாலும் மூச்சு விடுகிறது. சிறு நுரையீரலும் உண்டு. தோலில் எது பட்டாலும் உள்ளே போகும். நம் கையிலுள்ள உப்பு, சவர்க்காரம், நுளம்புக்குப் பூசிய எண்ணெய் எல்லாம் அதற்கு மருந்து அல்லது நஞ்சு. மாவு பூசாத கையுறையை நனைத்த பிறகுதான் தொடலாம். மயக்க மருந்து ஊசியாற் போவதில்லை. எம்.எஸ். 222 என்ற தூளை நீரில் கரைத்து அதில் விலங்கை இருத்துவோம். தூள் நீரைப் புளிக்கச் செய்வதால் அதைச் சமப்படுத்த ஒரு பொருள் சேர்ப்போம். வேறொன்றுமில்லை, நீங்கள் அப்பத்துக்குப் போடும் அப்பச்சோடாதான். எல்லா நீரும் குகை நீரைப் போலக் குளிர்ந்திருக்க வேண்டும். அறை இருட்டாக இருக்க வேண்டும். வெளிச்சம் தொடர்ந்து பட்டால் வெளிறிய தோலில் நிறம் ஏறும்.

சூடுதான் பெரிய முட்டுக்கட்டை. அந்தச் சலமாந்தர்ப் பங்கசுக்கு நல்ல வைத்தியம் ஒன்று உண்டு, அதுவும் மலிவானது. தீச்சலமாந்தரை 25 பாகை வெப்பத்தில் 10 நாள் வைத்தால் பங்கசு செத்துவிடும். ஓல்ம் வாழ்வதோ 8 முதல் 12 பாகை வரையான நீரில். அதைப் பத்து நாள் 25 பாகையில் வைக்கும் துணிவு எவருக்கு வரும்?

காயம் ஆறியது என்று வைத்துக்கொள்வோம். இப்போது என்ன செய்வது? வந்த குகைக்கே திருப்பி விட வேண்டும் என்றுதான் இங்கிருக்கும் எல்லோரும் சொல்வீர்கள். ஆனால் அந்த ஓல்ம் சில வாரம் தொட்டியில் இருந்திருக்கிறது. மனிதக் கை பட்டிருக்கிறது. சிறைப்பட்ட ஓல்ம் ஒன்றில் சந்தர்ப்பம் பார்த்துப் பற்றும் பங்கசுகளை ஸ்லோவேனிய ஆய்வாளர்கள் கண்டு 2018இல் எழுதியிருக்கிறார்கள். வேறு குகையிலிருந்து வந்த இன்னொரு ஓல்ம் அதே கட்டடத்தில் இருந்திருக்கலாம். இதை உள்ளே விட்டால் ஒன்றைக் காப்பாற்றியதற்காக ஆயிரத்துக்கு நோய் கொடுத்தவர்கள் ஆகிவிடலாம். விடாமல் வைத்திருந்தால் அது இன்னும் ஐம்பது வருடம் ஒரு தொட்டிக்குள் தனியே இருக்கும். இரண்டில் எதற்கும் கையெழுத்திடுவது இலேசல்ல. தனிமைப்படுத்தல், திரும்பத் திரும்பப் பரிசோதனை, ஒவ்வொரு ஊற்றின் விலங்குக்கும் வேறு வேறு வலையும் வாளியும், அதன் பிறகு எடுத்த ஊற்றிலேயே விடுதல் என்பதுதான் எங்களுக்குத் தெரிந்த நேர்மையான வழி. எந்த ஊற்று என்று தெரியாவிட்டால் விடக்கூடாது என்பது எங்கள் கருத்து. இதைக் கேட்டுக் கோபிக்கிறவர்கள் எங்கள் துறைக்குள்ளேயே இருக்கிறார்கள்.

வியாபாரத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறோம். 2018இல் ஐரோப்பிய ஒன்றியம் சலமாந்தர் கொண்டுவருதலுக்கும் விற்பனைக்கும் சுகாதார விதி போட்டது. தனிமைப்படுத்தலும் பரிசோதனையும் இல்லாமல் எல்லை தாண்டக் கூடாது. கென்ற் ஆய்வுகூடத்தில் கண்டது சட்டமாகப் பல வருடங்கள் சென்றன. எங்கள் கணக்கில் அது வேகம்தான்.

இனி நமக்குக் கிட்டவான விடயம் ஒன்று. ஸ்லோவேனியாவின் தென்கிழக்கில் பேலா கிராயினா என்றொரு பகுதி. அங்கே குரூப்பா என்ற ஆறு பாறைக்குள்ளிருந்து ஊற்றாகவே பிறக்கிறது. அதன் மேற்பக்கத்திலிருந்த மின்தேக்கி செய்யும் தொழிற்சாலை ஒன்று, 1960களிலிருந்து பீ.சீ.பீ. என்ற இரசாயனம் கலந்த கழிவைச் சுண்ணாம்புக்கற் பள்ளங்களில் கொட்டிவந்தது. 1980களின் தொடக்கத்தில்தான் ஊற்று கெட்டிருப்பது தெரியவந்தது. 2011இல் வெளியான ஆய்வு, அங்குள்ள ஓல்மின் இழையங்களில் அந்த நஞ்சு மிக உயர்ந்த அளவில் சேர்ந்திருப்பதைக் காட்டியது. கொட்டியதை நிறுத்திக் கால் நூற்றாண்டு கழிந்த பிறகு! நீண்ட ஆயுள் உள்ள உடல் நஞ்சையும் நீண்ட காலம் சேர்த்து வைக்கிறது.

அதே பேலா கிராயினாவில்தான் உலகின் ஒரே கறுப்பு ஓல்ம் வாழ்கிறது. 1986இல் கண்டுபிடித்தார்கள், இதற்குக் கண்ணும் தெரியும். அதன் ஊற்றுகளுக்கு மேலே வயல்களும் பண்ணைகளும். பசளையும் மாட்டுச் சாணக் கரைசலும் மழையோடு கல்லின் வெடிப்பால் நேரே கீழே இறங்குகின்றன. அந்த மாடுகளைப் பார்க்கும் வைத்தியரும் நாங்கள்தானே? சாணக்குழி எங்கே வெட்டுவது, எந்த மாதத்தில் வயலுக்கு விடுவது என்று பண்ணைக்காரரோடு கதைக்கும் மிருக வைத்தியர், ஒரு ஓல்மையும் கண்ணால் காணாமலே, அதற்குப் பெரிய வைத்தியம் செய்கிறார்.

யாழ்ப்பாணத்தில் வளர்ந்தவர்களுக்கு இதை விளங்கப்படுத்தத் தேவையில்லை. நம் காலுக்குக் கீழேயும் சுண்ணாம்புக்கல்தான். நிலாவரையை எட்டிப் பார்த்துப் பயந்தவர்கள் இங்கே எத்தனை பேர்? கீரிமலையில் நன்னீர் கடலோரம் ஊறி வருவதும் இதே கல்லின் வேலைதான். தோட்டத்துக்குக் கொட்டும் யூரியாவும், கிணற்றுக்குப் பக்கத்தில் வெட்டிய மலக்குழியும் அந்தக் கல்லின் வெடிப்பால் போய்ச் சேரும் இடம் நாம் குடிக்கும் நீர். வலிகாமத்துக் கிணறுகள் பலவற்றில் நைத்திரேற்று அளவுக்கு மிஞ்சி இருப்பது பல வருடங்களாகவே அளந்து எழுதப்பட்ட விடயம். பால்மாவை அந்த நீரிற் கரைத்துக் கொடுத்தால் கைக்குழந்தையின் இரத்தம் ஒட்சிசன் சுமக்கும் வலுவை இழக்கலாம் என்பதை இங்குள்ள வைத்தியச் சகோதரிகள் அறிவார்கள். அங்கே நிலத்தடி நீரைக் காட்டிக்கொடுக்க ஒரு பிராணியாவது இருக்கிறது. இங்கே அளவுகருவிதான்.

கடைசியாக ஒரு சந்தோசமான செய்தி. 2016 ஜனவரியில் ஸ்லோவேனியாவின் பொஸ்தொய்னா குகையில், பார்வையாளருக்காக வைத்திருந்த தொட்டியின் கண்ணாடியில் ஒரு முட்டை ஒட்டியிருந்ததை வழிகாட்டி ஒருவர் கண்டார். தாய் தொடர்ந்து இட்டது 64 முட்டைகள். 2013இலும் அங்கே ஒரு ஓல்ம் முட்டையிட்டது, ஒன்றும் பொரிக்கவில்லை. இம்முறை தொட்டியை இருட்டாக்கினார்கள். மற்ற ஓல்ம்களை அப்புறப்படுத்தினார்கள். இருட்டிலும் தெரியும் கமராவால் இரவு பகலாகப் பார்த்தார்கள். மே மாத இறுதியில் முதற் குஞ்சு வெளியே துள்ளியது. 21 குஞ்சுகள் தப்பின.

அந்த 21க்கும் இன்று ஒவ்வொரு நாளும் குறிப்பு எழுதுவது யாருக்காக என்று நினைக்கிறீர்கள்? அவை பருவமடைய 2031 அளவிலாகும். இன்று அவற்றைப் பார்ப்பவர்கள் ஓய்வு பெற்ற பின்பும் அவை நடுவயதிலேயே இருக்கும். எங்களுடைய மற்ற நோயாளிகள் எல்லோரும் எங்களுக்கு முன்னே போய்விடுவார்கள். நாய்க்குப் பன்னிரண்டு வருடம், மாட்டுக்கு இருபது. இந்த ஒரு நோயாளியின் அட்டையை மட்டும், இன்னும் பிறக்காத ஒருவர் வாசித்து விளங்கிக்கொள்ளும்படி எழுத வேண்டியிருக்கிறது. எந்த ஊற்று, எந்த நாள், என்ன நிறை, என்ன மருந்து, எவ்வளவு. எங்கள் கையெழுத்தை வைத்தியர்களின் கையெழுத்து என்று நீங்கள் கேலி செய்வது தெரியும். இதை அச்செழுத்தில் எழுதுகிறார்கள்.

தேநீர் வேளையில் நாய், பூனை பற்றிய கேள்விகளுக்கும் பதில் சொல்லுவோம்.